ஏழரைத் தலை மனிதன்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் சாக்பீஸைக் கீழே வைக்காதவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை இருப்பவர்கள் பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

விஷயம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்தது. என் தம்பியின் பேரன், கல்லூரியில் படிக்கிறவன், ஒரு கிரேக்கச் சிலையின் படத்தைப் போட்டு, "ஆறு மாசத்துல இப்படி ஆகணும்" என்று எழுதியிருந்தான். அத்தைமார்கள் எல்லாம் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டிருப்பேன். ஆனால் போன மாதம் ஒரு விசேஷத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். இலையில் சோற்றைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பவுடரைக் கலக்கிக் குடித்தான். "தாத்தா, எனக்குத் தோள் அமைப்பே சரியில்ல. பொறப்பே அப்படி" என்றான். இருபது வயதுப் பிள்ளை, கை கால் நன்றாக இருக்கிற பிள்ளை, தன் உடம்பைப் பற்றிக் குற்றவாளியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் அந்தச் சிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிராயிங் மாஸ்டராக இருந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சிலைகளில் துணி இல்லையே, உறவுக்காரர்கள் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று என் வீட்டம்மா கேட்டாள். அந்த ஊரில் விளையாட்டு வீரர்கள் பயிற்சி செய்ததே அப்படித்தான். ஜிம்னாசியம் என்ற சொல்லே 'ஆடையில்லாத' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இனி யாராவது "ஜிம்முக்குப் போறேன்" என்றால் எனக்குச் சிரிப்பு வருவதை மன்னிக்க வேண்டும்.

முதலில் என் பங்கு. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு முட்டை வடிவம் போட்டு, "இது தலை. இதைப் போல ஏழரைத் தலை கீழே இறங்கினால் ஒரு மனிதன்" என்று கோடு கிழிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏழரை என்றதும் கடைசி பெஞ்சில் யாராவது "சனியா சார்?" என்பான். வகுப்பே சிரிக்கும். நான் ஸ்கேலைத் தூக்குவேன். அந்த ஏழரை எங்கிருந்து வந்தது என்று அன்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. எனக்கு என் ஆசிரியர் சொன்னார், நான் உங்களுக்குச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: உடம்பை உறுப்பு உறுப்பாக அளந்து, இதுதான் சரியான விகிதம் என்று விதி எழுதுகிற வழக்கத்தில் மிகப் பழைய, மிகப் பெரிய பெயர் ஒரு கிரேக்கச் சிற்பியுடையது.

அவர் பெயர் பாலிகிளீட்டஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டு. 'கானோன்' என்று ஒரு நூல் எழுதினார். கானோன் என்றால் அளவுகோல். நூல் தொலைந்துவிட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற வைத்தியர் அதைப் பற்றிச் சொல்லியிருப்பது மிஞ்சியிருக்கிறது. அழகு எங்கே இருக்கிறது என்றால், விரலுக்கும் விரலுக்கும் உள்ள விகிதத்தில், எல்லா விரல்களுக்கும் உள்ளங்கை, மணிக்கட்டுக்கும் உள்ள விகிதத்தில், அவற்றுக்கும் முன்கைக்கும், முன்கைக்கும் மேல்கைக்கும், இப்படியே எல்லா உறுப்புக்கும் எல்லா உறுப்புக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். இந்த விதியைக் கண்ணால் காட்டத்தான் ஈட்டி ஏந்திய ஓர் இளைஞனை, டோரிஃபோரஸ் என்று பெயர், கி.மு. 440 வாக்கில் வெண்கலத்தில் வார்த்தார்.

அந்த வெண்கலமும் இன்று இல்லை. நாம் படத்தில் பார்ப்பது ரோமானியர்கள் பளிங்கில் செய்த நகல்கள். அதில் பேர்பெற்றது பாம்பெய் நகரில் கிடைத்தது, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பளிங்குக்கு வெண்கலத்தின் பலம் கிடையாது, கணுக்காலில் முறிந்துவிடும். அதனால் காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளை குரூப்பில் போட்ட படமும் இதுதான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் அவனுடைய இலட்சிய ஆள் நிற்கவே மாட்டான்.

கண்ணா, நன்றாகக் கவனி. ஒரு மனிதனைப் பார்த்து எடுத்த அச்சு இல்லை இது. ஒரு கணக்கை மனிதனைப் போல நிற்க வைத்தது. எந்த வீட்டிலும் எந்தத் தாயும் பெறாத பிள்ளை.

அதற்காகச் சிலை மட்டம் என்று சொல்லவில்லை. நான் அந்தச் சிற்பிகளின் அடிமை. அவர்களுக்கு முன்னால் கிரேக்கத்தில் 'கூரோஸ்' என்று வாலிபர் சிலைகள் செய்தார்கள். எகிப்திலிருந்து வந்த பாணி. இடது கால் முன்னால், இரண்டு கையும் பக்கவாட்டில் விறைப்பாக, டிரில் மாஸ்டர் 'அட்டென்ஷன்' சொன்னது போல நிற்கும். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 600 சுமாருக்கு ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் அப்படியே நின்றார்கள். பிறகு கி.மு. 480 வாக்கில் ஏதென்ஸில் ஒரு சின்னப் பையன் சிலை. கிரிட்டியஸ் பையன் என்கிறார்கள். அவன் ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலைத் தளர்த்திவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒரு கால் தளர்ந்ததும் இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறது, முதுகெலும்பு லேசாக வளைகிறது, தலை கொஞ்சம் திரும்புகிறது. பஸ் வராமல் நிற்கிற எவரையும் பாருங்கள், இப்படித்தான் நிற்பார்கள். கல்லுக்கு எடை வந்த நாள் அது. இப்போது அவன் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறான். பாதம் இல்லை, கைகளும் பாதிதான், மூன்றரை நான்கடி உயரம்தான் மிச்சம். உலகத்தில் ஒரே ஒரு சிலையை நேரில் பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால் நான் கேட்பது இவனைத்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், உடம்பை இவ்வளவு உண்மையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர்கள் உடம்பை மாற்ற ஆரம்பித்தார்கள். 1972 ஆகஸ்டில் இத்தாலியின் தெற்கு முனையில், ரியாச்சே என்ற ஊருக்குப் பக்கத்தில், கடலில் மூழ்கிய ஒருவர் தரையில் ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிணம் என்று பயந்துவிட்டாராம். வெளியே வந்தது இரண்டு வெண்கல வீரர்கள், ஒவ்வொருவரும் ஆறரை அடி உயரம். உதடு செம்பு, ஒருவனுக்குப் பல் வெள்ளி. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அசல் வெண்கலம். உயிரோடு இருப்பது போலத்தான் முதலில் தோன்றும். ஆனால் உடற்கூறு தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுவது: இடுப்பெலும்புக்கு மேலே பட்டை கட்டியது போல ஓடுகிற தசை மேடு இருக்கிறதே, அது எந்த மனிதனுக்கும் அவ்வளவு தெளிவாக இருக்காது. முதுகின் நடுப்பள்ளம் எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் வராத ஆழம். சிற்பிக்கு மேல் பாதியையும் கீழ் பாதியையும் பிரித்துக் காட்ட ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டுக்கொண்டார். நானும் படம் வரையும்போது செய்வதுதான். ஆனால் அந்தக் கோட்டைத்தான் இன்றைக்குப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று தேடுகிறார்கள்.

சரி, அந்தக் கணக்காவது நிலையாக இருந்ததா? இல்லை. பாலிகிளீட்டஸுக்கு நூறு வருடம் கழித்து லிசிப்பஸ் வந்தார், அலெக்சாண்டரின் சிற்பி. தலையைச் சின்னதாக்கினார், உடம்பை ஒல்லியாக்கினார், அதனால் ஆள் உயரமாகத் தெரிந்தான். மோஸ்தர் மாறிவிட்டது. இயற்கையின் விதியாக இருந்தால் நூறு வருடத்தில் மாறுமா? நியூட்டன் விதி மாறியதா என்று அறிவியல் ஆசிரியர்கள் கேட்டுச் சொல்லுங்கள். ஓவியர் சியூக்சிஸ் பற்றிய கதை இன்னும் வெளிப்படை. பேரழகி ஹெலனை வரைய ஓர் ஊர் அவரை அழைத்தது. ஒரு பெண் போதவில்லை. ஐந்து பெண்களை நிறுத்தி ஆளுக்கு ஓர் அழகை எடுத்துக்கொண்டார் என்று ரோமின் சிசரோ எழுதியிருக்கிறார். அதாவது அந்த ஐந்து பேரில் ஒருத்திக்கும் ஹெலன் ஆகத் தகுதி இல்லை. அதற்கு அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கதையில் இல்லை.

இதுவரை சொன்னது கலை. இதில் எனக்குச் சண்டை இல்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு மனிதர்களை அளக்கப் புறப்பட்டவர்களோடுதான் சண்டை.

18ஆம் நூற்றாண்டில் வின்கெல்மான் என்ற ஜெர்மானியர் இந்தச் சிலைகளை அழகின் உச்சம் என்று எழுதினார். கிரேக்கத்துக்குப் போகாமலே எழுதினார் என்பது ஒரு பக்கம். வெண்மை கூடக் கூட உடம்பின் அழகு கூடும் என்றும் எழுதினார். உண்மையில் அந்தச் சிலைகள் வெள்ளையே இல்லை. தலைமுடிக்குச் சாயம், உடைக்குச் சிவப்பு, நீலம், பச்சை, கண்ணுக்கு மை என்று வண்ணம் பூசித்தான் வைத்தார்கள். மண்ணிலும் மழையிலும் போய்விட்டது. மிச்சம் ஒட்டியிருந்ததைச் சில இடங்களில் சுரண்டியும் எடுத்தார்கள். 1930களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் சிற்பங்களைச் செம்புக் கருவியால் வெள்ளையாகத் தேய்த்துப் பெரிய சர்ச்சை ஆனது. 2003 முதல் ஒரு ஜெர்மன் ஆய்வுக் குழு பழைய வண்ணங்களை மீட்டு நகல்களில் பூசிக் கண்காட்சி நடத்தி வருகிறது. படங்களைத் தேடிப் பாருங்கள். திருவிழாத் தேர் போல இருக்கும். எனக்குப் பிடித்தது. 'கொச்சையாக இருக்கிறது' என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

வெள்ளைக் கல்லிலிருந்து வெள்ளைத் தோலுக்குத் தாவ அதிக நேரம் ஆகவில்லை. 1854இல் அமெரிக்காவில் நாட், கிளிடன் என்ற இருவர் ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். அதில் ஒரு படம். மேலே அப்பல்லோ சிலையின் தலை, நடுவில் ஆப்பிரிக்கர் தலை, கீழே சிம்பன்சி. ஒரு பக்கம் உயிருள்ள மனிதன், மறுபக்கம் சிற்பியின் கற்பனை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, கற்பனை கனமாக இருக்கிறது என்று தீர்ப்பு. அடிமைமுறையை நியாயப்படுத்த இது பயன்பட்டது.

அப்புறம் யூஜின் சாண்டோ. நம் ஊரில் சாண்டோ பனியன் போடாத அப்பா உண்டா? சாண்டோ சின்னப்பா தேவர் பெயரைக் கேள்விப்படாதவர் உண்டா? அந்தச் சாண்டோ 1867இல் பிரஷ்யாவில் பிறந்த ஒரு பயில்வான். சிறுவயதில் இத்தாலியில் பழைய சிலைகளைப் பார்த்து மயங்கியதாக அவரே சொல்லிக்கொண்டார். உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு பளிங்குச் சிலை போல மேடையில் நிற்பார். 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடலழகுப் போட்டி நடத்தினார். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில் ஒரு நடுவர். சாண்டோ இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்தினார். இன்று மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வெல்பவர் கையில் கொடுப்பது அவருடைய உருவச் சிலைதான். ஆக, கல்லைப் பார்த்து மனிதன், அந்த மனிதனைப் பார்த்து மறுபடி சிலை, அதைப் பார்த்து எங்கள் வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மைரன் என்ற சிற்பியின் 'வட்டு எறிபவன்' எல்லாருக்கும் தெரியும். லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது அதன் ஒரு நகலை நேரில் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் ஒட்டுப்போட்டவர்கள் தலையைத் தப்பான பக்கம் வைத்துவிட்டார்கள், இன்னும் அப்படியே வட்டைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறான். தலை சரியாக இருக்கிற ரோம் நகலை 1938இல் ஹிட்லர் விலைக்கு வாங்கி மியூனிக்கில் வைத்தார். ஜெர்மானிய உடம்புக்கு இதுதான் உதாரணம் என்று காட்ட. அடுத்த வருடமே ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் பொறுக்கியெடுத்துக் கொல்லும் திட்டம் தொடங்கியது. 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேர். ஒரு சிலை செய்த குற்றம் இல்லை அது. ஆனால் 'சரியான உடம்பு' என்று ஒன்றை மேடையில் ஏற்றினால், மற்ற உடம்புகளை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு நானும் ஒரு பதில் சொன்னவன்.

பெயர் சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரியும், இதைப் படிப்பான். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம். சுதந்திர தின அணிவகுப்பு. பெரிய அதிகாரி வருகிறார் என்று பையன்களை வரிசைப்படுத்தும் வேலையை என்னிடமும் கொடுத்தார்கள். டிராயிங் மாஸ்டருக்கு 'கண்' உண்டாம். உயரம், தோள், நிமிர்ந்த நடை பார்த்து முன்வரிசை பொறுக்கினேன். போலியோவில் ஒரு கால் சூம்பிய ஒரு பையன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கடைசி வரிசையில்கூட இல்லை, "நீ போய் மேடைக்கு நாற்காலி எடுத்துப் போடுப்பா" என்றேன். கடிந்து சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

இரண்டு வருடம் முன்பு பழைய மாணவர் சந்திப்பில், மேடைப் படியில் எனக்குத் தடுமாறியபோது கை கொடுத்து இறக்கியவன் அவன்தான். சிரித்துக்கொண்டே, "சார், அன்னிக்கு நாப்பத்திரெண்டு நாற்காலி போட்டேன்" என்றான். எண்ணி வைத்திருக்கிறான்.

தம்பி, உன்னிடம் அன்று சொல்ல வாய் வரவில்லை. நான் செய்தது தப்பு. எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

கிரேக்கர்களும் இதில் என்னைப் போலத்தான் இருந்தார்கள். அழகானவன் நல்லவன் என்ற எண்ணம் அவர்கள் மொழியில் ஒரே சொல்லாகவே ஒட்டிப்போயிருந்தது. ஹோமரின் இலியட்டில் தெர்சிட்டீஸ் என்று ஒருவன் வருகிறான். வளைந்த கால், ஒரு கால் நொண்டி, கூனிய தோள். அரசன் அகமெம்னான் பேராசைக்காரன் என்று சபையில் சொல்கிறான். ஏறக்குறைய அதையேதான் அழகன் அகிலீஸும் சொன்னான். அகிலீஸ் காவிய நாயகன், தெர்சிட்டீஸுக்கு முதுகில் அடி, படையே சிரிக்கிறது. ஆனால் அதே ஏதென்ஸில்தான் சாக்ரடீசும் நடந்தார். சப்பை மூக்கு, பிதுங்கிய கண், தொந்தி. செனஃபன் எழுதிய விருந்து உரையாடலில், கிரிட்டோபுலஸ் என்ற அழகனோடு அவர் அழகுப் போட்டிக்கே நிற்கிறார். 'என் கண் பிதுங்கியிருப்பதால் பக்கத்தில் இருப்பதும் தெரிகிறது, என் மூக்குத் துவாரம் விரிந்திருப்பதால் எல்லாப் பக்க வாசனையும் பிடிக்கிறது, ஆகவே நான்தான் அழகு' என்று வாதம். ஓட்டெடுப்பில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் அப்பா கல் செதுக்குகிறவர் என்று சொல்வார்கள்.

இப்போது பேரனுக்கு. ஜிம்முக்குப் போகாதே என்று சொல்லவில்லை, போ. உடம்பு நீ குடியிருக்கிற வீடு, பெருக்கி வைத்துக்கொள். பவுடரை ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுக் குடி. ஆனால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு கிரேக்கப் படம் வை என்று நேற்று ஒன்று அனுப்பினேன். 1885இல் ரோமின் குயிரினல் குன்றில் தோண்டும்போது கிடைத்த வெண்கலம். ஹிட்லரிடமிருந்து 1948இல் திரும்பி வந்த வட்டு எறிபவன் இருக்கிற அதே கட்டடத்தில்தான் இதுவும் இருக்கிறது. சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கிற குத்துச்சண்டைக்காரன். வயது கொஞ்சம் ஆகிவிட்டது. மூக்கு உடைந்திருக்கிறது, காது வீங்கித் தடித்திருக்கிறது. முகத்து வெட்டுகளில் இரத்தம் தெரிய வேண்டும் என்று செம்பைப் பதித்திருக்கிறான் சிற்பி. தலையைத் திருப்பியபோது சொட்டிய துளிகள் கையிலும் தொடையிலும்கூடச் செம்பாக விழுந்திருக்கின்றன. தோல்வார் சுற்றிய இரண்டு கையும் முழங்காலுக்கு நடுவில் ஓய்ந்து கிடக்கின்றன. யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி மேலே பார்க்கிறான்.

பேரன் இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டான். "யாரு தாத்தா இது? ஜெயிச்சாரா தோத்தாரா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். பாட்டி வத்தக்குழம்பு வைக்கிறாள். சோறு சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் வா.